சிறுகதையும் தர்ம விசாரணையும்

கதை எழுதப் பயிலும் இளைஞர்கள் தேர்ந்த ஆசிரியர்களின் சிறுகதைகளைப் பலமுறை வாசித்து அவற்றின் அமைப்பைப் பகுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்களே, அந்தப் பயிற்சி உத்திகளை மட்டுமே கற்பிக்கிறதா, தர்மத்தைப் பற்றிய ஒரு வினாவைக் கேட்கும் முறையையும் சேர்த்தே கற்பிக்கிறதா என்ற விசாரம் என் மனத்தை நெடுநாளாக ஆட்கொண்டிருக்கிறது. புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘சாபவிமோசனம்’ இதற்குத் தக்க உதாரணம்.

அகலிகைக்கு ராமனால் சாபம் நீங்கியது பால காண்டத்துச் செய்தி. சீதை அக்கினிப் பிரவேசம் செய்தது யுத்த காண்டத்துச் செய்தி. இதிகாசத்தின் இரு கோடிகளில் தனித்தனியே கிடந்த இச்சம்பவங்களை, வனவாசம் முடிந்து சீதை அகலிகையின் குடிலுக்கு வருவதாக அமைத்த ஒரே சந்திப்பினால் ஆசிரியர் எதிரெதிரே நிறுத்திவிடுகிறார். அகலிகையின் கணவனான கோதம முனிவனும் ராமனும் வெளியே உலாவச் சென்றிருக்க, தான் பட்டதையெல்லாம் துயரத்தின் சாயலின்றிச் சொல்லிவந்த சீதை தீக்குளித்ததையும் சொல்கிறாள். கேட்ட அகலிகை, ராமனா இதைக் கேட்டான் என்று வினவுகிறாள்; பிறகு மறுபடியும் கல்லாகிறாள்.

மாணவன் இங்கே சற்று நின்று, அந்த வேளையில் ராமனும் குடிலுக்குள் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். லோகாபவாதத்தை அவன் எடுத்துரைத்திருப்பான். கோதமன் சாஸ்திரம் பேசியிருப்பான். பூர்வபக்ஷமும் சித்தாந்தமுமாகக் கதை ஒரு வாதசபையாகியிருக்கும். விடை கூற வேண்டியவன் அங்கே இல்லாதபடியால், அகலிகையின் கேள்வி முழுப் பாரத்தோடும் வாசகன்மீது இறங்குகிறது. பாத்திரங்களை நிறுத்தும் இடம்கூடத் தத்துவ விசாரணையின் அங்கமாகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இக்கதை பக்தியைப் பழிக்கிறது என்போர் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. ராமனுடைய அருளை அகலிகையைப்போல் நம்பியவர் யார்? விமோசனத்துக்குப் பின்னும் காணும் ஆடவரெல்லாம் இந்திரனாகவே தோன்ற, நாவில் எழும் சொல்லுக்கும் அஞ்சி நடுங்கிய அவளுக்கு, தன்னிடம் எந்த நிரூபணமும் கேளாமல் மீட்டவன் ஒருவன் உண்டு என்பதே ஆதாரமாக இருந்தது. அவன் சீதையிடம் நிரூபணம் கேட்டான் என்று அறிந்த கணத்தில் அந்த ஆதாரம் பெயர்ந்துவிடுகிறது. முதல் முறை அவளைக் கல்லாக்கியது முனிவனின் சாபம். இரண்டாம் முறை அவளைச் சபித்தவர் யாருமில்லை.

முடிவின் வேகத்தில் மயங்கும் மாணவன், அவளுடைய அச்சத்தை நிதானமாக விரித்துரைக்கும் நடுப்பகுதியை விட்டுவிட்டு ஒருமுறை கதையை வாசித்துப் பார்க்கட்டும். அகலிகை கல்லானது வெறும் புராண அற்புதமாகவே எஞ்சுவதை அவனே காண்பான்.