கையை எடுத்த பின்னும் பறக்கிறதே!

சரியாகக் கட்டி, சரியாக நிறை பார்த்து, சரியாக ட்ரிம் செய்த ஒரு சின்ன விமானம், கையிலிருக்கும் ரேடியோவின் ஸ்டிக்கிலிருந்து இரண்டு கட்டைவிரலையும் எடுத்துவிட்டாலும் விழாது. நேராகப் போகும். காற்று ஒரு பக்கம் இடித்தால் சற்றே சாயும். பிறகு தானே நிமிரும். ரேடியோ விமானம் பறக்கவிடும் எவருக்கும் தெரிந்த சங்கதிதான். இறக்கை நுனிகள் மேல்நோக்கி உயர்ந்திருக்கும் கோணம், மூக்கில் கொஞ்சம் கூடுதல் பாரம், அதை ஈடுகட்ட வால் கீழே அழுத்தும் அழுத்தம் என்று காரணங்களும் உண்டு. அத்தனையும் எனக்குத் தெரியும். என் கையால் அளந்து ஒட்டியவை. ஆனாலும் பாகூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் நின்று, விரலை எடுத்துவிட்டு அண்ணாந்து பார்க்கும்போது நெஞ்சு அந்தக் காரணங்களோடு நிற்பதில்லை. ‘அம்மா, நீயல்லவா தாங்குகிறாய்’ என்றுதான் வாயில் வருகிறது. கண் நிறைந்துவிடுகிறது. கண் நிறைந்தால் விமானம் தெரியாது என்பதால் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்க்கிறேன். அப்போதும் பறந்துகொண்டே இருக்கிறது!

வைணவப் பெரியவர்கள் சரணாகதியைச் சொல்ல இரண்டு நியாயம் வைத்திருக்கிறார்கள். குரங்குக் குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். அது வடகலையாரின் மர்க்கட நியாயம். பூனைக்குட்டி எதையும் பற்றாது, தாயே கவ்விக்கொண்டு போகும். அது தென்கலையாரின் மார்ஜார நியாயம். நான் சிவன் கோயில் வாசலில் வளர்ந்தவன். இந்த வழக்கு எனக்கு விளங்கியது உபந்நியாசத்தில் இல்லை, வயல்வெளியில்தான். பறக்கவிடக் கற்கிறவர் எல்லோரும் முதலில் குரங்குக் குட்டிதான். ஸ்டிக்கைப் பிடித்த பிடியில் நகம் வெளுத்திருக்கும். இடது பக்கம் சாய்ந்தால் வலது பக்கம் ஒரு இழுப்பு. அது கூடிப்போனால் மறுபடி இடது பக்கம். காற்று கவிழ்த்த விமானங்களைவிட இந்தப் பதற்றம் கவிழ்த்தவையே அதிகம். அப்படித் தவிக்கிறவரிடம் கூட நிற்பவர் சொல்வது ஒன்றே ஒன்று: “வுடு தம்பி, கையை வுடு. அதுக்குத் தெரியும்.” விட்டதும் நிமிர்கிறது. அந்தக் கணத்தில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

எனக்கு ஊர் வில்லியனூர். திருக்காமீசுவரரும் கோகிலாம்பிகையும் குடியிருக்கும் ஊர். தேர்த் திருவிழாவுக்குத் துணைநிலை ஆளுநரே வந்து வடம் பிடிப்பார். பிரெஞ்சு கவர்னர்கள் காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. வடத்தில் கை வைத்தவர்களுக்குத் தெரியும், தேர் அசையும் அந்த முதல் அசைவில் நம் பலம் எங்கே முடிந்து அவன் பலம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு முதல் பாடம் அந்த வடம்தான்.

ஆனால் விமானத்தை வில்லியனூரில் எடுப்பதில்லை. லாஸ்பேட்டை விமான நிலையம் கிட்டத்தில் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள இடத்தில் 200 அடிக்கு மேல் அனுமதியில்லாமல் ஏற்றக் கூடாது. அதற்கும் உள்ளே வந்தால் எந்த உயரமானாலும் அனுமதி வேண்டும். 12 கிலோமீட்டரைத் தாண்டிய பச்சை மண்டலத்தில் 400 அடி வரை போகலாம், விமானம் நம் கண் பார்வைக்குள் இருக்க வேண்டும். ஊசுட்டேரிப் பக்கமும் போவதில்லை. அது பறவைகளின் சரணாலயம்; அவற்றின் ஆகாயத்தில் எனக்கு வேலையில்லை. ஆகவே விடியுமுன் வண்டியின் பின்னால் இறக்கையைக் கட்டிக்கொண்டு, கரிக்கலாம்பாக்கம் தாண்டிப் பாகூர்.

பாகூரை நினைத்தாலே எனக்குள் ஏதோ மலர்கிறது. தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக வந்து நிரப்பும் பெரிய ஏரி. அதை நம்பிய நெல்வயல். ஊர் நடுவே மூலநாதரும் வேதாம்பிகையும். பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள், இங்கே இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது ஒரு கல்விக்கூடத்துக்கு, மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் கல்விக்காக ஊர்களையே எழுதி வைத்த மண்! அந்த மண்ணில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று காற்றைப் படிப்பது எனக்குப் பாடசாலையில் உட்கார்ந்த மாதிரியே இருக்கிறது. ஒரு பிடி காய்ந்த மண்ணைத் தூவிப் பார்த்தால் போதும், இன்றைக்குக் கொண்டலா, மேல்காற்றா என்று சொல்லிவிடும். எந்தப் பக்கம் காற்றோ அந்தப் பக்கம் முகம் வைத்து எறிய வேண்டும். காற்றுக்கு முதுகு காட்டினவனுக்கு அது தோள் கொடுக்காது.

விமானம் தானே நிமிரும் என்பதை முதலில் கண்டு காட்டியவர் ஒரு பிரெஞ்சுக்காரர், அல்போன்ஸ் பேனோ. 1871 ஆகஸ்ட் 18 அன்று, அப்போது புதுச்சேரியை ஆண்டுகொண்டிருந்த நாட்டின் தலைநகரமான பாரீசில், துய்லெரி தோட்டத்தில், முறுக்கிய ரப்பரால் சுழலும் ஒரு குட்டி விமானத்தைப் பறக்கவிட்டார். 11 விநாடியில் ஏறத்தாழ 40 மீட்டர் போனது. இடுப்பு நோயால் கடற்படையில் சேர முடியாமல் போன 21 வயதுப் பிள்ளை அவர். உள்ளே ஆள் கிடையாது, கயிறும் கிடையாது, திருத்த ஒரு கையும் கிடையாது. ஆனாலும் தடுமாறாமல் போனது. பேனோ வைத்த அதே வால் சாய்வையும் நுனி உயர்த்திய இறக்கையையும்தான் இன்று நானும் தெர்மாகோலில் வெட்டுகிறேன். வெட்டும்போதெல்லாம் அந்தப் பிள்ளையை மனதாரக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத அலையால் தொலைவிலிருப்பதை அசைக்கலாம் என்பதை 1890களில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் காட்டினார். சுவரைத் தாண்டிப் போன அலை மணியை அடித்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது. 1898இல் நியூயார்க்கில் டெஸ்லா ஒரு படகை அலையாலேயே ஓட்டினார். அமெரிக்காவின் குட் சகோதரர்கள் இருவர் 1937இல் பறக்கவிட்ட ‘கஃப்’ என்ற ரேடியோ விமானம் இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தின் சொத்து. இன்று என் கையில் இருக்கும் ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸ். ரிசீவர் ஆன்டெனாவின் நுனியில் உறை உரித்த கம்பி வெறும் 3 சென்டிமீட்டர் சொச்சம். அதுதான் விமானத்தின் காது. அது கேட்டதை ரிசீவர், வாலிலும் இறக்கையிலும் உள்ள மடிப்புகளை அசைக்கும் குட்டி மோட்டாரான சர்வோ ஒவ்வொன்றுக்கும் விநாடிக்கு 50 தடவை திரும்பத் திரும்பச் சொல்கிறது. நான் ஸ்டிக்கை அசைக்காமல் வைத்திருந்தாலும் நிறுத்துவதில்லை. இங்கேயே இரு, இங்கேயே இரு என்று விடாத ஜெபம். ஒரு 9 கிராம் சர்வோவுக்குள் இத்தனை நாமசங்கீர்த்தனம் நடக்கிறதே என்று நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது!

பறப்பது பத்து நிமிடம். கைங்கரியம் வாரம் முழுக்க. அதையும் நான் ஒருநாளும் சுமையாக நினைத்ததில்லை. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு, கூடத்தில் பழைய வேட்டியை விரித்து அதன்மேல் விமானத்தை இறக்கி வைப்பேன். முதலில் ஈரத்துணியால் வயல் புழுதியைத் துடைப்பது. எலிவேட்டர், ரடர், எய்லரான் என்ற அந்த அசையும் மடிப்புகள் ஒவ்வொன்றின் கீல் டேப்பையும் நகத்தால் நீவிப் பார்ப்பது. கம்பி மாட்டியிருக்கும் துளை தேய்ந்து பெரிதாகியிருந்தால் மறு துளை. நம் கடற்கரைக் காற்றில் உப்பு உண்டு. மோட்டார் திருகில் துருவும் கனெக்டர் பித்தளையில் பச்சையும் பூக்கும், அதைச் சுரண்டி ஒரு துளி எண்ணெய். புரொப்பல்லரை மெல்லிய கம்பியில் கோத்துத் தொங்கவிட்டால் கனத்த பக்கம் கீழே இறங்கும்; லேசான பக்கத்தில் நகக்கண் அளவு டேப் ஒட்டினால் இரண்டும் சமமாக நிற்கும். அந்த நகக்கண் அளவு பிசகினால் மேலே போய் உடம்பு முழுக்க நடுங்கும்.

லைப்போ பேட்டரிக்குத் தனி ஆசாரம். நிறைவு செல்லுக்கு 4.2 வோல்ட், பறக்காத நாளில் 3.8இல் வைக்க வேண்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே விட்டால் செத்துப்போகும். உப்பினதைத் தொடவே கூடாது. சார்ஜ் ஏற்றுவது மண்சட்டிக்குள், பக்கத்தில் ஒரு வாளி மணல், நானும் எழுந்து போகாமல் எதிரே. வயலுக்குப் போனதும் முதலில் ரேடியோவை உயிர்ப்பித்து, அதற்குப் பிறகே விமானத்தின் பேட்டரியை மாட்டுவது. முடிக்கும்போது விமானம் முதலில் அணையும், ரேடியோ கடைசியில். சொல்கிறவன் இல்லாத நேரத்தில் கேட்கிறவன் விழித்திருக்கக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் மேலே, நிறை பார்ப்பது. இறக்கையின் அகலம் 20 சென்டிமீட்டர் என்றால் முன்விளிம்பிலிருந்து ஐந்தரை சென்டிமீட்டர் தள்ளி, இரண்டு பக்கமும் அடியில் ஒரு ஆட்காட்டி விரலைக் கொடுத்துத் தூக்க வேண்டும். மூக்கு ஒரு இழை தாழ்ந்து நின்றால் நல்லது. வால் தாழ்ந்தால் பறக்கவிடவே கூடாது. பேட்டரியைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே நகர்த்தி நகர்த்தி, ஒரு கட்டத்தில் முழு விமானமும் இரண்டு விரல் நுனியில் மூச்சு விடாமல் நிற்கும். அந்த இரண்டு இடத்திலும் ஆயுத பூஜையன்று குங்குமம் வைப்பது என் வழக்கம். மற்றவர்கள் மூக்கில் வைப்பார்கள், இறக்கை மேலே வைப்பார்கள். எனக்கு அடியில், அந்த இரண்டு புள்ளியில்தான். தாங்கும் இடம் அதுதானே!

இந்தக் கைங்கரியத்தில் எனக்குக் குருவாக நான் வரித்திருப்பவர் மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கர். 77 வயதில், பார்வை பெரும்பாலும் போய், காதும் மந்தமான நிலையில், அட்லாண்டிக்கைத் தாண்டும் மாதிரி விமானம் கட்டியே தீருவேன் என்று நின்றார். முன்னால் அனுப்பியவை கடலில் போயின. 2003 ஆகஸ்ட் 9 அன்று கனடாவின் நியூபவுண்ட்லாந்திலிருந்து மறுபடி ஒன்றைக் கையால் எறிந்தார். எரிபொருளோடு சேர்த்தும் 5 கிலோவுக்குள் எடை. மேலே ஏறியதும் தானியங்கிக் கருவியிடம் ஒப்படைத்தாகிவிட்டது. இரண்டு இரவு கடல்மேல் தனியாகப் போய், 38 மணி 52 நிமிடத்தில், ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் கடந்து அயர்லாந்தின் கிளிஃப்டன் அருகே வந்து இறங்கியது. 1919இல் ஆல்காக்கும் பிரவுனும் அட்லாண்டிக்கை நிற்காமல் முதன்முதலாகத் தாண்டி வந்து இறங்கியதும் அந்தப் பக்கம்தான்.

இதைப் படித்த அன்று எனக்குத் தண்டியடிகள் நினைவுக்கு வந்தார். அறுபத்து மூவரில் ஒருவர்; பிறவியிலேயே பார்வையில்லாதவர். திருவாரூர்க் குளத்தைத் தூர்வார ஆசைப்பட்டு, குளத்துக்குள் ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, இடையில் கயிறு கட்டி, அதைத் தடவித் தடவியே மண்ணைச் சுமந்து கொட்டினார். பார்வையில்லாதவனுக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். கயிறு அவருக்குக் கண்ணாக இருந்தது. ஹில்லுக்கு அந்தக் கயிறுகூட இல்லை. கரையில் நின்று விட்டுவிட்டார், அவ்வளவுதான். என்ன விசுவாசம் ஐயா அது!

நம் பக்கத்திலும் இந்தப் பொழுதுபோக்கு உயிர் காக்கும் வேலைக்குப் போயிருக்கிறது. ரேடியோ விமானப் பித்தரான நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழு, 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. ரத்த மாதிரியை ஆளில்லா விமானத்தில் எடுத்து வரும் போட்டி. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அன்று கோகிலாம்பிகைக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிப் போட்டேன்.

இனி அந்த மாசி மாதத்துக் காலையைச் சொல்ல வேண்டும். சம்பா அறுத்துப் பாகூர் வயல் காய்ந்து கிடந்தது. பத்து மணிக்கு மேல் தரிசு சூடேறும். ஏரித் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். சூடேறிய நிலத்திலிருந்து காற்று திரண்டு கிளம்பி மேலே போகும். நமக்குத் தெரியாது, பருந்துக்குத் தெரியும். விமானத்தை ஏற்றி, சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ ஒரு கருடன் வந்தது. வெள்ளைத் தலை, செங்காவி உடம்பு. இறக்கையை அடிக்கவே இல்லை. வட்டம் போட்டு ஏறியது. அதன் வழியில் குறுக்கிடாமல் வெகுவாகத் தள்ளி வந்து, மோட்டாரை நிறுத்தினேன். புரொப்பல்லர் மடங்கிக்கொண்டது. இறங்கத்தான் வேண்டும். வால் லேசாக உதறியது, இடது இறக்கை தூக்கியது. தூக்கிய பக்கமே மெல்லத் திருப்பிவிட்டு விரலை எடுத்தேன்.

ஏறியது! மோட்டார் இல்லாமல், என் கை இல்லாமல், கருடன் போட்ட அதே பெருவட்டத்தின் இந்தப் பக்கம் அதுவும், அந்தப் பக்கம் கருடனும், ஒரே காற்றில். நாராயணா, சிவ சிவா என்று எந்த நாமம் வாயில் வந்ததோ அதையெல்லாம் சொன்னேன். உடம்பு லேசாகிப்போனது. என் கால் வரப்பில் இருந்ததா என்றே தெரியவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன். ஆமாம், அங்கேதான் இருந்தேன்.

பக்கத்து உளுந்து வயலில் இருந்த ஆயா கருடனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு கையைப் புருவத்துக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்கள்.

“இன்னா தம்பி, கருடனோட சேந்து இன்னொண்ணு சுத்துதே, அது உன்னுதா?”

“ஆமா ஆயா.”

“சத்தமே காணோமே?”

“மோட்டாரை நிறுத்திட்டேன் ஆயா.”

“நிறுத்திட்டா வுழாதா?”

“அவரு தூக்கிக்கிறாரு ஆயா.”

ஆயா ஒன்றும் வியக்கவில்லை. தெரிந்ததைச் சொன்னது போலத் தலையாட்டிவிட்டு, விமானத்துக்கும் சேர்த்து இன்னொரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இப்போது கூடத்தில் ஒரு கிளைடர் வளர்கிறது. இரண்டு மீட்டர் இறக்கை. பால்சா விலா எலும்புகளை ஒவ்வொன்றாக உப்புத்தாளில் தேய்த்து வரிசையாக நிறுத்தியிருக்கிறேன். இதில் மோட்டாரே கிடையாது. ரப்பர் கயிற்றில் இழுத்து விட்டால் அவ்வளவுதான், மிச்சமெல்லாம் அவள் பொறுப்பு. வேதாம்பிகைத் தாயே, தை சீக்கிரம் பிறக்கட்டும். அறுப்பு குறையில்லாமல் முடியட்டும், களம் நிறையட்டும். வயல் காயட்டும், கொண்டல் அடிக்கட்டும், உன் கருடனையும் கொஞ்சம் அனுப்பு. நான் விடியுமுன்னே வந்து நிற்கிறேன்!