ஐந்து குற்றங்களும் ஒரு கோழிக்கூடும்

சித்தன்னவாசல் மலைமேல் ஏழடிப்பட்டம் என்றொரு குகைத்தளம் உண்டு. பாறையில் வெட்டிய குழிகளில் கால் வைத்து ஏறிப்போனால், வழவழவென்று தேய்த்த 17 கற்படுக்கைகள் இருக்கும். தலை சாய்க்கும் இடத்தில் கல்லையே சற்று மேடாக விட்டிருக்கிறார்கள். ஒரு படுக்கையில் தமிழ்-பிராமி எழுத்து. வேற்று நாட்டில் பிறந்த ஒருவருக்கு இந்தப் பக்கத்து ஆள் செய்துகொடுத்த இருக்கை இது என்கிற செய்தி. கிறித்து பிறப்பதற்கு முந்தைய எழுத்து அது.

அதே மலையில்தான் அறிவர் கோயில். பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. விதானத்தில் ஒரு தாமரைக் குளம். மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர் எல்லாம் ஒரே நீரில். ஒன்றுக்கொன்று அஞ்சுவதாகத் தெரியவில்லை. நிறம் மங்கி, சாந்து உதிர்ந்த பிறகும் அந்த அச்சமின்மை மட்டும் இன்னும் மிச்சமிருக்கிறது.

இந்த மலையைப் பார்த்துக்கொண்டே வாழ்கிற எங்கள் பக்கத்து ஊர்களில் கோழி இல்லாத வீடு குறைவு. எங்கள் கொல்லையிலும் உண்டு. செவலை, கருப்பு, சாம்பல் என்று சிறுவிடைக் கோழிகள். முருங்கை மரத்தடியில் கூடு. முட்டை விற்கிறோம். சேவல்களைச் சந்தைக்குக் கொண்டுபோகிறோம். விருந்தாளி வந்தால் அறுக்கிறோம். கருப்பருக்கு நேர்ந்துவிட்டது என்றால் அதற்கும் ஒன்று போகும். கொல்லாமையைத் தலைமேல் வைத்து வாழ்ந்த சமணத் துறவிகள் படுத்திருந்த மலைக்குக் கீழே இருந்துகொண்டு, தின்பதற்காக ஓர் உயிரை வளர்க்கிறவர் அந்த உயிருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்? கோழிக்கூட்டைத் திறக்கும் வேளைகளில் இந்தக் கேள்வி என்னிடம் வரும்.

இதற்கு ஊரில் இரண்டு பதில்கள் உண்டு. கொல்வது பாவம், ஆகவே வளர்க்காதே என்பது ஒன்று. எப்படியும் சட்டிக்குப் போகிற கோழிதானே, அதற்கென்ன யோசனை என்பது மற்றொன்று. இரண்டும் கேள்வியை அங்கேயே மூடிவிடுகின்றன. எனக்கு வழி காட்டியது அந்தச் சமணர்களின் நூல் ஒன்று. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் துறவிகளுக்கு ஒரு நெறியும், மாடு கன்றோடு வாழும் இல்லறத்தாருக்கு அதிலிருந்து தளர்ந்த ஒரு நெறியும் சொல்கிறது. கொல்லாமை இல்லறத்தாருக்கும் முதல் விதிதான். அதை நான் கடைப்பிடிக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. ஆனால் அந்த விதியோடு நூல் நின்றுவிடவில்லை. கொல்லாமல் இருந்துகொண்டே ஓர் உயிருக்குச் செய்யக்கூடிய ஐந்து குற்றங்களை வரிசைப்படுத்துகிறது: கட்டிப்போடுவது, அடிப்பது, உறுப்பை அறுப்பது, தாங்க முடியாத பாரம் ஏற்றுவது, உணவும் நீரும் கொடுக்காமல் இருப்பது.

இந்த ஐந்தையும் படித்தபோது, கோழி வளர்ப்பில் இன்றைக்குள்ள வாதங்கள் அத்தனையும் அந்தப் பழைய பட்டியலுக்குள் அடங்கிவிடுவதைக் கண்டேன். கொல்வது ஒரு கேள்வி. அதற்கு முன்னே உள்ள நாட்களெல்லாம் வேறொரு கேள்வி. முதல் கேள்வியில் தோற்றவர் இரண்டாவதிலும் தோற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கட்டிப்போடுவதில் தொடங்கலாம். நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் கம்பிக் கூண்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வெளி மாநிலங்களுக்கும் முட்டை போகிறது அங்கிருந்து; சத்துணவு மையத்தில் பிள்ளைகள் சாப்பிடும் முட்டையும் அந்தப் பண்ணைகளை நம்பித்தான் வருகிறது. அதன் நன்மையை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் தரை, நாம் எழுதும் ஒரு முழுத் தாளின் அளவுகூட இல்லை. சிறகை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது, மண்ணில் புரண்டு குளிக்க முடியாது. முட்டைக் கோழிகளையும் கறிக் கோழிகளையும் வைத்திருக்கும் விதம், ஏற்றிச் செல்லும் விதம் பற்றி இந்தியச் சட்ட ஆணையம் 2017-இல் தன் 269-ஆவது அறிக்கையைத் தந்தது. நாட்டின் சட்ட அறிஞர்கள் உட்கார்ந்து ஒரு கோழி நிற்கும் இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டி வந்தது என்றால், விஷயம் சிறியதல்ல.

கோழி எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அதற்கு எது கட்டு, எது காப்பு என்பது விளங்கும். தென்கிழக்கு ஆசியாவின் செங்காட்டுக்கோழிதான் அதன் மூதாதை. தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளை வைத்து, ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் அது மனிதரோடு சேர்ந்தது என்று 2022-இல் வெளியான ஆய்வுகள் சொல்கின்றன. நெல்லும் தினையும் விளைந்த இடத்துக்கு, சிதறிய தானியத்தைத் தேடி அது தானாகவே மரத்திலிருந்து இறங்கி வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. நம் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் கண்டறிந்தார்கள். எங்கள் கொல்லையில் மஞ்சள் காலோடு நடக்கும் பெட்டைக்குள் மேற்குத் தொடர்ச்சி மலையின் காடு கொஞ்சம் இருக்கிறது.

காட்டுக்கோழி பகலில் தரையைக் கிளறும், இருட்டியதும் மரமேறும். இரவில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. ஆகவே இருள் வந்தால் உயரம் வேண்டும், விடிந்தால் தரை வேண்டும். நல்ல கோழிக்கூடு இந்த இரண்டையும் அறிந்தே அமையும். தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயர்த்தி, கால்கள் மேல் நிறுத்த வேண்டும். எச்சம் கீழே விழும்படி அடியில் இடைவெளி விட்ட சட்டங்கள் போட வேண்டும். உள்ளே உட்காரக் குறுக்குக் கம்பு, காற்றோட்டம், மேலே கீற்றோ ஓடோ. அந்திக்கு யாரும் விரட்டாமலே ஒவ்வொன்றாக ஏறி உள்ளே போகும். நாம் செய்ய வேண்டியது எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்துவதுதான். மரநாய்க்கும் வெருகுக்கும் இரவுதான் வேளை. இரவில் கதவைச் சாத்தினால் அது காப்பு. விடிந்த பிறகும் திறக்காவிட்டால் அதே கதவு கட்டாகிவிடுகிறது.

எங்கள் அப்பத்தா இதை ஒரே வரியில் சொல்லும்: "பகல்ல அது நம்ம கோழி இல்ல, பொழுது சாஞ்சாத்தான் நம்ம கோழி." பகலில் கோழியை அதன் போக்கில் விட வேண்டும், இரவில் அதற்கு நாம் பொறுப்பு. இதைவிடத் தெளிவாக எந்தக் கையேடும் சொல்லிவிட முடியாது.

ஆனால் அவிழ்த்துவிட்டதாலேயே நாம் நல்லவர்கள் ஆகிவிடுவதில்லை. கிராமத்தில் கோழி வளர்க்கும் நாமும் கட்டுகிறோம். இரண்டு காலையும் சணலால் இறுக்கி, வண்டியின் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சந்தைக்குக் கொண்டுபோகிறோம். வெயிலில் பஞ்சாரக் கூடையைக் கோழிமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுகிறோம். முதல் சில வாரம் குஞ்சுகளைப் பருந்திடமிருந்தும் காக்காயிடமிருந்தும் காக்கப் பஞ்சாரம் தேவைதான். அது நிழலில் இருக்க வேண்டும், உள்ளே தண்ணீர் இருக்க வேண்டும். இரண்டாவது குற்றமான அடிப்பதும் நம்மிடம் உண்டு. பக்கத்துக் கொல்லைக் கடலையைக் கிளறிவிட்டது என்று கல்லெடுத்து எறிவது எங்கும் நடக்கிறது. அடுத்தவர் கீரைப்பாத்திக்கு வேலி போட உதவுவதும் கோழி வளர்க்கிறவரின் கடமையே. நம் கோழியின் சுதந்திரத்துக்குப் பக்கத்து வீட்டார் கூலி கொடுக்கக் கூடாது. சேவலின் காலில் கத்தி கட்டிச் சண்டைக்கு விடுவதை வீரம் என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வீரம் சேவலுடையது. வேடிக்கை பார்க்கிறவருக்கு அதில் பங்கில்லை.

உறுப்பறுப்பது பண்ணையின் குற்றம். நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும் என்பதால், குஞ்சிலேயே சூடான தகட்டால் அலகின் நுனியை வெட்டுகிறார்கள். மூக்கு வெட்டுவது என்று அதைச் சாதாரணமாகச் சொல்வார்கள். இடம் கொடுத்திருந்தால் வராத நோய்க்கு அலகை விலையாகக் கேட்பது அது. கொல்லையில் திரியும் கோழிக்கு அலகுதான் கையும். மண்ணைப் புரட்டுவதும் கரையானைப் பொறுக்குவதும் இறகு கோதுவதும் குஞ்சுக்கு இரையைக் காட்டுவதும் அதனால்தான்.

பாரம் ஏற்றுவது கண்ணுக்குத் தெரியாத குற்றம். கறிக்கோழி 40 நாட்களில் இரண்டு கிலோ எடையைத் தொடும்படி இனம் தேர்ந்திருக்கிறார்கள். பல கோழிகளுக்குத் தன் உடம்பே தன் காலால் தாங்க முடியாத சுமை. முட்டைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டை வரை இடுகிறது. அத்தனை ஓட்டுக்கும் வேண்டிய சுண்ணாம்பில் ஒரு பங்கு அதன் எலும்பிலிருந்தே போகிறது. நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டு, பிறகு அடையில் உட்கார்ந்துவிடும். 21 நாள் அடைகாத்து, குஞ்சோடு திரிந்து, மறுபடி முட்டைக்கு வரும். அந்த இடைவெளி அதன் உடம்பு கேட்கும் ஓய்வு. நாமோ அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கியும் மூக்கில் இறகைச் செருகியும் அடையைத் தெளியவைத்து, மறுபடி முட்டை கேட்கிறோம். பேராசை பண்ணைக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஐந்தாவது, உணவும் நீரும் கொடுக்காமை. முட்டை குறைந்த கோழிகளுக்கு நாள்கணக்கில் தீவனத்தை நிறுத்தி, இறகு உதிரவைத்து, மறுபடி முட்டைக்குக் கொண்டுவரும் வழக்கம் பண்ணைகளில் இருந்தது. இந்திய விலங்கு நல வாரியம் அது சட்டத்துக்கு மாறானது என்று அறிவித்தது. எங்கள் பக்கத்தில் நடப்பது வேறு மாதிரி. மேய்ச்சல் கோழிதானே, தானே தேடிக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். மழை பெய்தால் புழுவும் பூச்சியும் கிடைக்கும். சித்திரை வெயிலில், கண்மாய் வெடித்துக் கிடக்கும் காலத்தில், இந்தச் சரளை மண்ணில் என்ன கிடைக்கும்? அப்போது காலையில் ஒரு கை கம்போ சோளமோ, நாள் முழுக்க நிழலில் ஒரு சட்டித் தண்ணீர், சாணமும் பழஞ்சாக்கும் போட்டுக் கவிழ்த்த பானையில் பிடித்த கரையான் என்று நாம்தான் கொடுக்க வேண்டும்.

இந்த ஐந்தாவது குற்றத்தில் மருந்து கொடுக்காமையையும் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஊரில் ஒரே வாரத்தில் கூடுகள் காலியாகும். கோடைக்கு முன்னதாக, பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை ஊர் ஊராகத் தடுப்பூசி போடுகிறது. பிறந்த ஏழாம் நாள் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் இறக்கைக்கடியில் ஊசி. ஊசிக்குப் பிடிபடாமல் திரியும் கோழிகளுக்காகவே, தீவனம்போல் கொத்தித் தின்னும் குருணை வடிவத் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. இவ்வளவு வசதி இருந்தும், செத்தால் விதி என்று விட்டுவிடுவதைச் சுதந்திரம் என்று சொல்லக் கூடாது. அது பொறுப்பைக் கைகழுவுவது.

மலைமேல் இருந்தவர்களின் சமயத்தில் வேரோடிய இந்தப் பட்டியல், நம் காலத்துச் சட்டத்திலும் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடியதன் விளைவாக 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் 11-ஆவது பிரிவு அடிப்பதையும் அதிகப் பாரம் ஏற்றுவதையும், அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதையும், உறுப்பைச் சிதைப்பதையும், உணவும் நீரும் இருப்பிடமும் தராமல் விடுவதையும் குற்றம் என்கிறது. உணவுக்காகக் கொல்வதை மட்டும், வேண்டாத வேதனை தராதவரை, அந்தச் சட்டம் விலக்கி வைக்கிறது. கொல்வதையும் வதைப்பதையும் தனித்தனியே எடைபோடலாம் என்று சமயமும் சட்டமும் வெவ்வேறு வழியில் வந்து சொல்கின்றன.

இந்த ஐந்தையும் விட்டுவிட்டால் கொன்றது சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கழுத்தில் கத்தி வைக்கும் நேரத்தில் எனக்குச் சமாதானம் எதுவும் கிடைப்பதில்லை, கிடைக்கவும் வேண்டாம். அந்தக் கணக்கு தீராமல் இருக்கட்டும். தீராத கணக்கு உள்ளவர்தான் மற்றதில் கவனமாக இருப்பார். முழு அறம் நம்மால் ஆகவில்லை என்பதற்காக, ஆகக்கூடிய பங்கையும் கைவிடுகிறோமே, அதுதான் நம் வாழ்க்கையின் பெரிய இழப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. கோழி விஷயத்தில் மட்டுமல்ல, கூலிக்கு ஆள் வைக்கும்போதும் நிலத்தில் மருந்தடிக்கும்போதும் இதுவே நடக்கிறது. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று நினைத்து, ஒன்றுமில்லையில் போய் நிற்கிறோம்.

தின்கிறவருக்கும் இதில் பங்குண்டு. நாட்டுக்கோழி என்று பெயர் போட்டு விற்பதெல்லாம் இன்றைக்கு மேய்ந்த கோழி அல்ல; கொட்டகைக்குள் தீவனம் போட்டு மூன்று மாதத்துக்குள் எடை ஏற்றிய கலப்பினமும் அந்தப் பெயரில் வருகிறது. கோழி வாங்கும்போது எடை என்ன, விலை என்ன என்று கேட்கிறோம். பகலில் எங்கே மேய்ந்தது, இரவில் எங்கே அடைந்தது என்ற இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்கிறவர் பெருகினால் வளர்க்கிறவர் பதில் சொல்லத் தயாராவார். அந்தப் பதிலுக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தால் கொடுங்கள். அந்தக் கோழி வெளியில் கழித்த பகல்களுக்கு விலை அது.