ஆயா தாளம் தப்பவில்லை

மேல்சித்தாமூரில் என் அம்மா வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கிற இந்த ஊரில்தான் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இருக்கிறது. இருட்டிய பிறகு உண்ணாமை இங்கே விரத நாளுக்கு மட்டும் உரியதன்று, அன்றாடப் பழக்கம். விளக்கைத் தேடி வருகிற பூச்சி சோற்றில் விழுந்து சாகக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

மழைவிட்ட ஒரு ஐப்பசி மாலையில் என் தம்பி மகள் கூடத்தில் மடிக்கணினியை விரித்து உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் படித்துக்கொண்டே இசைத் தயாரிப்பு கற்றுக்கொள்கிறாள். ஆயா பாடுகிற கோயில் பாட்டுகளையும் தாலாட்டுகளையும் பதிவுசெய்ய விடுமுறைக்கு வந்திருந்தாள். ஆயா என்றால் என் அம்மா. வயது எண்பதைத் தாண்டியாயிற்று, குரல் மட்டும் தாண்டவில்லை. திரை வெளிச்சத்துக்கு ஈசல்கள் வந்து மோதிக்கொண்டிருந்தன.

"ஏம்மா, அந்தப் பொட்டி வெள்ள வெளேர்னு இருக்குதே, பூச்சியெல்லாம் வந்து வுழுது பாரு. கொஞ்சம் கருப்பாக்க முடியாதா?" என்றார் ஆயா.

இரண்டே நிமிடத்தில் அவள் மென்பொருளின் தீமை மாற்றினாள். வெள்ளை போய்க் கரும்பச்சை வந்தது. ஈசல்கள் முற்றத்து விளக்குக்குப் போய்விட்டன. ஆயா பாடத் தொடங்கினார். ஆனால் தம்பி மகளின் முகம் மாறியிருந்தது. ஆயா தூங்கப்போன பிறகு கேட்டேன். "ஒண்ணுமில்ல அத்த" என்று இழுத்தவள், பிறகு சொன்னாள். நகரத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பயிற்சிக்குப் போயிருந்தபோது, அவள் தன் மடிக்கணினியில் தடங்களுக்கு நிறம் கொடுத்து வைத்திருந்ததைப் பார்த்த மூத்தவர் ஒருவர் சிரித்தாராம். "பொண்ணுங்க வந்தா மொதல்ல கலர மாத்துவாங்க, அப்புறம்தான் பாட்டு" என்றாராம். அன்றிலிருந்து அவள் எதையும் மாற்றியதில்லை. வாங்கினபோது இருந்தபடியே வைத்திருந்தாள்.

வேலைக் கருவியை அழகுபடுத்துவது வேலையா, வேலையைத் தள்ளிப்போடுவதா? பெண் அதைச் செய்யும்போது மட்டும் ஏன் அது கோலம் போடுவதாகத் தெரிகிறது? அன்றிரவு இந்தக் கேள்வியோடு நான் வெகுநேரம் விழித்திருந்தேன்.

முதலில் ஒரு சிறு வரலாறு. 1997இல் வந்த வினாம்ப் என்ற பாட்டு கேட்கும் மென்பொருளைத் தொண்ணூறுகளின் கடைசியில் கணினி வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் தோற்றத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். அந்த மாற்றுத் தோற்றத்துக்கு 'ஸ்கின்', அதாவது தோல் என்று பெயர். ஆயிரக்கணக்கான தோல்கள் வரையப்பட்டன. வினாம்பை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல்தான் பின்னாளில் ரீப்பர் என்ற இசைத் தயாரிப்பு மென்பொருளையும் உருவாக்கினார். என் தம்பி மகள் பயன்படுத்துவது அதைத்தான். அதிலும் தோற்றம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. பொத்தானின் படத்தை மாற்றலாம். எது எங்கே இருக்க வேண்டும் என்று எழுதுவதற்கென்றே 'வால்டர்' என்று ஒரு சிறு நிரல்மொழி அதற்குள் இருக்கிறது. இதில் மாதக்கணக்கில் உழைத்துத் தீம் செய்கிற ஆண்கள் பலர். அவர்களை யாரும் 'கலர் மாத்துகிறவர்கள்' என்று சிரிப்பதில்லை. அவர்கள் செய்வது வடிவமைப்பு, நாம் செய்வது அலங்காரம். செயல் ஒன்று, பெயர் இரண்டு. இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. ஆண் சமைத்தால் கலை, பெண் சமைத்தால் கடமை.

இரண்டாவது, மாற்றாமல் விட்டதும் ஒரு தீம்தான். 2000இல் ஸ்வீடனிலிருந்து வந்த ரீசன் என்ற மென்பொருளைத் திறந்தால் இரும்புச் சட்டத்தில் அடுக்கிய கருவிகள் தெரியும். திருகாணிகூட வரைந்திருப்பார்கள். ஒரு விசையைத் தட்டினால் அடுக்கு பின்பக்கம் திரும்பி வயர்கள் ஆடும். ஒலிக்கு அந்தத் திருகாணி எந்த விதத்திலும் தேவையில்லை. ஏற்கெனவே அப்படியோர் அறையில் உட்கார்ந்து பழகியவருக்கு 'இது உன் இடம்' என்று சொல்வதுதான் அதன் வேலை. அந்த அறைகளில் பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்? லண்டனில் பிபிசியின் ஒலிப் பட்டறையை 1958இல் தொடங்கியவர்களுள் ஒருவரான டாஃப்னி ஓரம் அடுத்த ஆண்டே வெளியேறி, தனியாகத் தன் கருவியைக் கட்டினார். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் தூரிகையால் கோடு வரைந்தால் அதை ஒலியாக்கும் கருவி அது. தன் கைக்கு எது இயல்போ அதையே கருவியின் முகமாக்கினார். 'சாதாரணம்' என்ற பெயரில் நம் முன்னால் வைக்கப்படுவது யாரோ ஒருவரின் பழக்கம். அவர் பெண்ணாக இருப்பது அபூர்வம்.

எங்கள் ஊருக்கு இது புரியாத செய்தியல்ல. ஓலைச்சுவடிகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஊர் இது. எழுத்தாணி கீறிய எழுத்துக்கு நிறம் கிடையாது. கரியும் இலைச்சாறும் சேர்த்துத் தடவித் துடைத்தால்தான் கீறலில் கறுப்பு தங்கி எழுத்து கண்ணுக்குத் தெரியும். மையாடுதல் என்று அதற்குப் பெயர். மையாடுவதை ஒப்பனை என்று யாரும் சொன்னதில்லை. படிப்பின் முதல் படியே அதுதான்.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் நான் பாதி உண்மைதான் பேசியவளாவேன். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எவ்வளவு பெரிய உரிமை? திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று கேட்பார்கள், வீட்டின் வரைபடத்தைக் காட்ட மாட்டார்கள். கல்யாணப் புடவையின் நிறத்தைக் கேட்பார்கள், மாப்பிள்ளையைக் கேட்க மாட்டார்கள். 2022 கடைசியில் வந்த எஃப்எல் ஸ்டுடியோ 21 பதிப்பில் தீம் வசதி வந்தது. சாயலையும் செறிவையும் வெளிச்சத்தையும் நகர்த்தி நமக்குப் பிடித்தபடி வைத்துக்கொள்ளலாம். நல்லதுதான். ஆனால் நிமிடத்துக்கு 120 தட்டு, நாலுக்கு நாலு என்ற கணக்கோடுதான் பல மென்பொருள்கள் இன்றும் திறக்கின்றன. அந்தக் கணக்கைத் தீமில் மாற்ற முடியாது. அழகுசாதனக் கடையும் இப்படித்தான் 40 சாயலில் உதட்டுச்சாயம் வைத்து, இதுதான் சுதந்திரம் என்று சொல்கிறது.

இந்தச் சந்தேகத்தை மறுநாள் காலை தம்பி மகளிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. முந்தின நாள் பதிவைத் திறந்து காட்டினாள்.

திரையில் ஆயாவின் குரல் அலை அலையாக ஓடியது. அதன் மேல் செங்குத்துக் கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு தட்டு. பழைய வெள்ளைத் தீமில் அந்தக் கோடுகள் பளிச்சென்று இருந்தன. ஆயாவின் தாலாட்டில் ஒவ்வோர் அடியும் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால் விழுந்தது. "மொதல்ல பாத்தப்ப ஆயா தாளம் தப்புறாங்கன்னு நெனச்சேன் அத்த. எல்லாத்தையும் கோட்டுக்கு இழுத்து வெச்சிடலாம்னு இருந்தேன்" என்றாள். மென்பொருளில் அதற்கு ஒரு கட்டளை போதும். இருட்டுத் தீமுக்கு மாறியபோது கோடுகள் மங்கிவிட்டன. கண்ணுக்குக் கோடு தெரியாததால் காதால் கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது, ஆயா தாமதிக்கவில்லை, தொட்டில் போய்த் திரும்புகிற நேரத்துக்குப் பாடுகிறார். அடியின் முடிவில் தொட்டில் அந்தப் பக்கம் போய் நிற்கிற ஒரு கணம் உண்டு. குரல் அங்கே காத்திருக்கிறது. பேரன் பேத்தி என்று பல பிள்ளைகளைத் தூங்கவைத்த கையின் கணக்கு அது.

கோட்டின் நிறம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு அழுத்தமாக ஆயா தவறாகத் தெரிந்தார். அப்படியானால் அந்த நிறத்தை வெறும் நிறம் என்று எப்படிச் சொல்வது? எதை அளவுகோலாகப் பளிச்சென்று வைக்கிறோம், எதைப் பின்னணியில் மங்கவிடுகிறோம் என்பதில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. நம் வாழ்க்கையிலும் கோடுகள் பளிச்சென்றுதான் வரையப்பட்டிருக்கின்றன. இருபத்தைந்துக்குள் கல்யாணம், முப்பதுக்குள் பிள்ளை. நாற்பதில் முனைவர் பட்டம் வாங்கினால் 'லேட்'. எனக்கும் சொன்னார்கள். எந்தத் தொட்டிலின் நேரத்துக்கு நான் படித்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு, ஒரு பார்வை முழு உண்மையாகாது என்பது சமணர் சொல்லும் அநேகாந்தம். ஒரே பதிவை வெள்ளையிலும் கறுப்பிலும் பார்க்கலாம், கோட்டோடும் கோடில்லாமலும் பார்க்கலாம். பார்க்காமலும் இருக்கலாம். ரீப்பரில் கண் தெரியாதவர்கள் திரைவாசிப்பான் மூலம் வேலைசெய்ய 'ஓசாரா' என்று ஒரு கூடுதல் நிரல் இருக்கிறது. அதை முன்னின்று எழுதிய ஜேம்ஸ் டே பார்வையற்றவர். தீம் என்ற ஒன்றே இல்லாமல் அவர்கள் இசை செய்கிறார்கள். ஆகவே எந்தத் திரையும் இசையின் சொந்த முகமல்ல. ஆனால் கண்ணால் வேலைசெய்கிறவர் ஏதோ ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அந்தத் தேர்வை வேறு யாரோ முன்னமே செய்துவிட்டிருந்தால், அது தேர்வு என்பதே நமக்கு மறந்துபோகிறது.

சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையின் யாழ்ப்போட்டி வருகிறது. அவளை இசையில் வெல்பவனுக்கு அவள் மனைவி. சீவகன் தன்னிடம் தரப்படும் யாழ்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, மரம் இடி விழுந்தது, நீரில் ஊறியது என்று குற்றம் சொல்லி ஒதுக்குகிறான். வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் கருவியின் அழகில் மயங்காத அறிவாளி என்று அவனைப் புகழ்ந்திருக்கிறேன். இப்போது வேறொன்று தோன்றுகிறது. யாழைத் தள்ளிவிட்டு வேறு கேட்கிற உரிமை அவனுக்கு இருந்தது. போட்டியையே தள்ளிவிடுகிற உரிமை அவளுக்கு இருந்ததா? 'தோல்' என்றால் மேல்பூச்சு என்று நினைக்கிறோமே, யாழின் பத்தரை மூடிய போர்வையும் தோல்தான். அதை உரித்துவிட்டால் நாதம் இல்லை.

நிறத்தை மாற்றினால் விடுதலை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வீட்டு வரைபடத்தை நாம் இன்னும் கையில் வாங்கவில்லை. ஆனால் கோட்டை மங்கவைத்துப் பார்த்த பெண், அடுத்து அந்தக் கோட்டைப் போட்டது யார் என்று கேட்பாள். என் தம்பி மகள் கேட்டுவிட்டாள். ஊருக்குக் கிளம்புவதற்கு முன், மென்பொருளின் தாளக்கணக்கை அணைத்துவிட்டு, ஆயாவின் தொட்டில் திரும்புகிற இடங்களில் தன் கையாலேயே ஒவ்வொரு குறியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கோடுகள்தான் ஆயாவைத் தேடி வந்தன.

ஆயா எட்டிப்பார்த்தார். "இதுல நான் மூச்சு வாங்குனது எங்கடி இருக்கு?" என்றார். அவள் காட்டினாள். அலை தாழ்ந்து கிடந்த ஒரு சிறு இடைவெளி. "அத எடுத்துடாத" என்றார் ஆயா.