பாட்டன் பட்ட கடன்

மாலை வேளைகளில் என் வீட்டுத் திண்ணைக்கு ஒரு வக்கீல் நண்பர் வருவதுண்டு. இண்டர்மீடியட்டோடு படிப்பை முடித்துக்கொண்ட என்னை மடக்குவதில் அவருக்கு ஒரு தனி ருசி. அன்று கேட்டார்: "பாட்டன் செய்த அநியாயத்துக்குப் பேரன் எப்படி ஐயா பொறுப்பாவான்?"

"பாட்டன் பட்ட கடனைப் பேரன் தீர்க்க வேண்டும் என்று உங்கள் இந்துச் சட்டமே சொன்னதே?"

"சொன்னது. 2005-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னாலும், பாட்டன் தர்ம விரோதமாகப் பட்ட கடன் பேரனைக் கட்டாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. யோக்கியமாக வாங்கியதைக் கொடுக்க வேண்டும். அக்கிரமமாக எடுத்ததற்குப் பொறுப்பில்லை! சட்டத்தில் அவரை ஜெயிக்க என்னால் ஆகாது. ஆகவே, எனக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொன்னேன்.

கலிபோர்னியாவின் வடகோடியில், ஹம்போல்ட் விரிகுடாவின் கரையில் யுரேக்கா என்று ஓர் ஊர். 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று அர்த்தம். அங்கே காலங்காலமாக வாழ்ந்துவந்த வியோட் மக்கள் தொலைந்துபோனவர்கள் அல்ல, இருந்தாலும் கண்டுபிடிக்கப்பட்டார்கள். விரிகுடாவின் நடுவில் உள்ள தீவில் ஆண்டுதோறும் கூடி, உலகம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று பல நாள் ஆடுவது அவர்கள் வழக்கம். 1860 பிப்ரவரி 26-ஆம் தேதி, ஆடிக் களைத்து உறங்கியவர்கள்மேல் வெள்ளைக் குடியேறிகள் சிலர் கோடரிகளோடும் கத்திகளோடும் பாய்ந்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களுந்தான். யாருக்கும் தண்டனை இல்லை. பக்கத்து ஊர்ப் பத்திரிகையில், ஆசிரியர் வெளியூர் போயிருந்த சமயம் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த 23 வயது இளைஞர் ஒருவர் இதைக் கண்டித்து எழுதினார். அவரும் சீக்கிரமே ஊரை விட்டுப் போக நேர்ந்தது. பிற்காலத்தில் பெரிய கதாசிரியராகப் பேரெடுத்த பிரெட் ஹார்ட்தான் அவர். என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் இதைக் கொஞ்சம் கர்வத்தோடுதான் நண்பரிடம் சொன்னேன்.

தீவு கை மாறிற்று. கரையை உயர்த்தினார்கள்; மாடு மேய்த்தார்கள்; கப்பல் பழுது பார்க்கும் பட்டறை வைத்து மண்ணை விஷமாக்கினார்கள். கடைசியில் பெரும் பகுதி நகரசபையின் சொத்தாயிற்று. 2000-இல் வியோட் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பலகாரமும் சட்டையும் விற்றுப் பணம் சேர்த்து, 1,06,000 டாலர் கொடுத்து, தங்கள் தீவிலேயே 1.5 ஏக்கரை விலைக்கு வாங்கினார்கள். படுகொலையைவிட இந்த இடந்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. கொலையைச் செய்தவர்கள் கொடியவர்கள் என்று சொல்லி நாம் ஒதுங்கிவிடலாம். இந்த விற்பனைப் பத்திரத்தில் கொடியவன் என்று யாரைக் காட்டுவது?

அதற்கப்புறந்தான் நகரசபை அசைந்தது. 2004-இல் சுமார் 40 ஏக்கரைக் கொடுத்தது. பட்டறை விட்டுப்போன விஷத்தை அகற்றும் வேலையை வியோட் மக்களே முன்னின்று வருஷக்கணக்கில் நடத்தினார்கள். 2014-இல், 154 ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன ஆட்டத்தை ஆடி முடித்தார்கள். 2019 அக்டோபரில் நகரசபை தன் வசமிருந்த மிச்சத்தையும், 200 ஏக்கருக்கு மேல், காசு வாங்காமல் எழுதிக்கொடுத்தது.

"தாராள மனசு!" என்றார் நண்பர்.

அந்த வார்த்தையில்தான் எங்களுக்குள் சண்டை. தன்னுடையதைக் கொடுத்தால் தாராளம். பிறத்தியார் பொருளை அவரிடமே திருப்பிக் கொடுப்பதற்கு அந்தப் பேர் பொருந்துமா? ஆனாலும், சபை அங்கத்தினர்களின் காரியத்தை நான் லேசாக மதிக்கவில்லை. வோட்டுக்கு நிற்கிறவர்கள் அவர்கள். கோர்ட்டு உத்தரவு எதுவும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர்கள் வேறுவிதமாகவும் செய்திருக்கலாம்: "நிலம் எங்களிடமே இருக்கட்டும், நிர்வாகத்தில் உங்களையும் சேர்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு கமிட்டி போட்டிருக்கலாம். மாலை, பேச்சு, புகைப்படம் எல்லாம் குறைவில்லாமல் நடந்திருக்கும். ஊரை ஆளும் சபைக்கும் ஆதிகுடிகளுக்கும் கூட்டுறவு வேண்டும் என்று இன்று பல தேசங்களில் பேசுகிறார்கள். வேண்டியதுதான். பத்திரம் யார் பெட்டியில் இருக்கிறது என்பதை மட்டும் முதலில் கேட்டுவிட வேண்டும். நிலத்தை வைத்துக்கொண்டு நீட்டுகிற கையை நான் எப்படிக் குலுக்குவேன்?

நண்பர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். "அதெல்லாம் இருக்கட்டும். ஊரில் உம்முடைய கொல்லை வேலி விஷயம் என்ன ஆச்சு?" என்றார்.

பிடித்துவிட்டார். அதை அவரிடம் ஒரு தரம் நானே வாய் தவறிச் சொல்லியிருந்தேன். என் பாட்டனார் வேலியைப் புதுப்பித்தபோது அடுத்த மனையில் பத்தடியை உள்ளே தள்ளிக் கட்டினார். கேட்பதற்கு அந்த வீட்டில் ஆண் துணை இல்லை. பிற்பாடு அவர்கள் மனையை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள். அந்தப் பத்தடியில் இப்போது மூன்று தென்னைகள் நிற்கின்றன. காய் எங்கள் வீட்டுக்கு வருகிறது. "நாமா எடுத்தோம்?" என்பாள் என் தாயார். நானும் அந்தத் தேங்காயைத் தின்று வளர்ந்தவன்தான்.

அந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து எழுதும்படி ஊரில் இருக்கும் தங்கைக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வந்திருக்கிறது. தென்னை மூன்றும் நன்றாய்க் காய்க்கின்றனவாம். கேட்டதற்கு ஒரு வரி இல்லை.