பீர்க்கங்கூடு

பெயரிலேயே பீர்க்கனை வைத்திருக்கும் ஊரில் குடியிருக்கிறேன். தாம்பரத்தைத் தாண்டிப் பெருங்களத்தூர் போகும் வழியில் இருக்கிறது பீர்க்கன்கரணை. 2021-ல் அது தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆனால் என் கொல்லைப்புறத்துக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. வேலியில் பீர்க்கங்கொடி படர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த வருஷம் பறிக்காமல் விட்ட காய் ஒன்று கொடியிலேயே முற்றிக் காய்ந்தது. தோல் உரிந்து, விதைகள் உதிர்ந்து, நார்க்கூடு மட்டும் மிஞ்சியது. விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகன் அதை ஜன்னலில் நிறுத்தி, காலை வெயில் உள்ளே புகும்படி செய்து, கைபேசியை அதன் வாயருகே கொண்டுபோய்ப் படம் பிடித்தான். பார்த்தால் ஒரு பெரிய மண்டபம்! தூண்கள், வளைவுகள், கோடியில் வெளிச்சம்.

"எந்தக் கோயில், சொல்லுங்க மாமா" என்றான். நான் விழித்தேன்.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் எட்டிப் பார்த்தாள். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "பீர்க்கங்கூடுதானே! படம் புடிச்சாச்சுன்னா குடு தம்பி. எண்ணெய்ச் சட்டி கெடக்கு."

இருவரும் சிரித்தோம். சிரித்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தப் பொருளைச் சரியாகக் கண்டவர் யார், அவனா, அவளா?

பழக்கம் கண்ணை மூடிவிடும் என்பார்கள். உண்மைதான். 1928-ல் பாரிஸில் கெர்டெஸ் என்ற புகைப்படக்காரர், தட்டின் விளிம்பில் சாய்ந்திருந்த ஒரு முள்கரண்டியையும் அதன் நிழலையும் படமெடுத்தார். தினம் சாப்பிடுகிறவர்கள் காணாத அழகு அதில் இருந்தது. 1930-ல் அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டன் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து, பல நிமிஷங்கள் ஒளி காட்டிப் படமெடுத்தார். அது மிளகாயாகவும் இருக்கிறது. முறுக்கேறிய மனித உடம்பாகவும் இருக்கிறது. இதிலே எனக்குப் பிடித்த விஷயம் வேறு. தாம் படமெடுத்த மிளகாய்களை அவர் சாப்பிட்டும் இருக்கிறார். அழகைக் கண்டதற்காக அது மிளகாய் என்பதை அவர் மறக்கவில்லை.

நான் மறந்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு கோடையில், லாரித் தண்ணீர் பிடித்துக்கொண்டு இதே அம்மாள் என் வாசல் வழியே போனாள். இடுப்புக் குடத்தில் சூரியன் தெறித்தது. அதை ஒரு கதையில் எழுதினேன். அந்த வர்ணனையைப் பாராட்டிப் பல கடிதங்கள் வந்தன. கதையை அவள் மகள் அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே என்னைக் கேட்டாள்:

"கொடம் மின்னிச்சா சார்? நான் பாக்கலியே. இடுப்பு வலிதான் ஞாபகம் இருக்குது."

அவள் குறை சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குடத்தின் ஒளி என் கதையில் இருந்தது. அதன் கனம் எங்கேயும் இல்லை.

சாதாரணப் பொருளை அழகாகக் காட்டுவது பாவமல்ல. அது கண்ணுக்குச் செய்யும் தொண்டு. ஆனால் அழகாகக் காட்டிவிட்டதாலேயே அதை முழுக்க அறிந்துவிட்டோம் என்று நினைக்கிறோமே, அங்கேதான் பிசகு. கண் அறிந்தது ஒரு பாதி. மற்றப் பாதியை அதோடு மாரடிக்கும் கைகளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்காமல் எழுதினால், பிறர் பாட்டை எடுத்து நம் வீட்டு அலங்காரமாக மாட்டிக்கொண்டவர்கள் ஆவோம்.

பையன் கூட்டைக் கொடுத்துவிட்டான். தண்ணீரில் நனைந்ததும் மண்டபம் இளகி அவள் கைக்குள் அடங்கியது. சட்டியில் ஏறியிருந்த பிசுக்கு மெல்ல மெல்லக் கரைந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படித் தேய்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.