ஊழும் ஊன்றுகோலும்

ஊழ் வந்து ஊட்டுங்கால் உயிர் செய்யக்கடவது யாது என்பது நம் சித்தாந்த நூலோர் பலகாலும் ஆராய்ந்த வினாவாம். ஏட்டின்கண் அதற்கு விடை காண்டல் ஒருவாறு எளிது. அவ்வினா ஏட்டினின்று இறங்கி நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்குமாயின் விடை கூறுதல் அத்துணை எளிதன்று. எளிதெனக் கருதி யான் ஒருகாற் பிழைபட்டேன். அப்பிழையே இக்கட்டுரை எழுதுதற்குக் காரணமாயிற்று.

என் பழைய நண்பர் ஒருவர் திருமுறை ஓதுதலையே வாழ்நாட் பணியாக உடையவர். அவர் ஒருநாள் விடியலிற் பக்கவாதத்தால் வீழ்ந்தார். வலக்கையும் வலக்காலும் தத்தம் தொழில் ஒழிந்தன, நாவும் சொல்லிழந்தது. மருத்துவமனையினின்று இல்லம் மீண்டபின், விரல்களை மடக்கியும் நீட்டியும், சுவரைப் பற்றி நடந்தும் நாடோறும் பயின்று வந்தார். முதற்கண் விரைந்து தோன்றிய தேற்றம் 4 திங்கள் கழிந்தபின் தளர்நடை கொண்டது. அவர் உள்ளம் சோர்ந்திருந்த ஒரு மாலைப்பொழுதில் யான் அவர்பாற் சென்று, 'இது நுகர்வினை, நுகர்ந்தே கழித்தல்வேண்டும், மனம் அமைக' என்று கூறி வந்தேன். ஆறுதல் கூறினேன் என்றே எண்ணினேன். பத்துநாட் கழித்து மீண்டும் சென்றபோது அவர்தம் மனைவியார், "தாங்கள் சொல்லிவிட்டுப் போனீர்கள், ஐயா, அன்றைக்கு அந்தக் கையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார், பிறகு அசைக்கவே இல்லை" என்றார். அச்சொல் என் நெஞ்சைச் சுட்டது. யான் கூறியது சித்தாந்தமா, அன்றிச் சித்தாந்தத்தின் பெயரால் ஒரு தவறா என்று ஆராயத் தலைப்பட்டேன்.

முதற்கண் இந்நோயின் இயல்பை அறிதல்வேண்டும். மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் அடைபடுதலானாதல், வெடித்துக் கசிதலானாதல் மூளையின் ஒருபகுதி அழிவதே இந்நோய். மூளையின் இடப்பாகம் உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாகம் இடப்பக்கத்தையும் இயக்கும். பெரும்பாலார்க்குச் சொல்லாற்றல் இடப்பாகத்தைச் சார்ந்தது. ஆதலின் வலப்பக்கம் வீழ்ந்தாருட் பலர் சொல்லையும் இழப்பர். சொல்லிழந்தார் அறிவிழந்தார் என்று கொள்ளற்க. பேச மாட்டாதார் பலர் தம்மருகிற் பேசப்படுவனவற்றை உணர்ந்தே கிடக்கின்றனர். அழிந்த அணுக்கள் மீளா; ஆயினும் எஞ்சிய பகுதிகள், ஒரு செயலைப் பன்னூறு முறை பயிலப் பயில, அதற்குப் புதுவழி சமைத்துக்கொள்ளும். முதல் 3 திங்களில் மீட்சி விரைந்து நிகழும், 6 திங்களின் பின் மெல்லிதாகும், அத்துடன் அற்றுப்போவதன்று. ஆண்டுகள் சில கழிந்தபின்னும் பயிற்சியாற் பயன் பெற்றார் உளர்.

வழங்காத உறுப்பை வழங்காமையே பழக்கமாய்விடும் என்பதை எட்வர்டு டாப் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் ஆராய்ந்து காட்டினார். நோயுற்ற கையிற் சிறிது அசைவேனும் எஞ்சியிருப்பின், நல்ல கையை நாளிற் பெரும்பொழுது கட்டுப்படுத்தி, நோயுற்ற கையையே தொழில்செய்ய விடும் பயிற்சிமுறை அவர் ஆராய்ச்சியினின்று எழுந்தது. இன்னும், இந்நோயுற்றார் ஏறக்குறைய மூவருள் ஒருவரை மனச்சோர்வு பற்றுகின்றது. அது கோழைமையன்று, பக்திக்குறைவுமன்று, மருத்துவர்க்கு அறிவித்துத் தீர்த்துக்கொள்ளத்தக்க நோயின் கூறேயாம். இவற்றுள் ஒன்றையும் அறியாதே யான் அன்று வாய்திறந்தேன்.

இனி, 'நுகர்வினை நுகர்ந்தன்றித் தீராதாயின் முயற்சி வீணன்றோ?' எனின், கூறுதும். நோய் ஒன்றே நுகர்வினையின் வரவு என்பது யாண்டுப் பெற்றாம்? மருத்துவர் வாய்த்தலும், மருந்து பலித்தலும், கைப்பிடித்து நடத்துவார் உளராதலும் அவ்வினைவழி வருவனவே. துன்பத்தை மட்டும் ஊழென்று கைக்கொண்டு, துணையை ஊழன்றென்று தள்ளுதல் கணக்கின் ஒருபக்கத்தை மட்டும் படிப்பதாகும். அன்றியும், இன்ன வினை இத்துணைக் காலம் ஊட்டும் என்பது சிற்றறிவுடைய உயிர்க்குப் புலனாவதன்று. 'இனித் தேறாது' என்று அறுதியிட்டவன் முதல்வனுக்கே உரிய அறிவைத் தனதாக்கிக்கொண்டான். யான் செய்ததும் அதுவே.

வினை சடமாதலின் தானே வந்து பொருந்தாது; முதல்வன் கூட்டவே கூடும் என்பது நம் கொள்கை. கூட்டுவோன் பகைவனல்லன், மலநோய் தீர்க்கும் மருத்துவன். அவன் நோயை ஊட்டுதல் உயிர் முடங்குதற்பொருட்டன்று; பக்குவமுறுதற்பொருட்டேயாம். நோய் பழவினையின் பயன். அந்நோயின்கண் யாம் நிற்கும் நிலையோ புதுவினை. முயலுதல் வினையானாற்போலவே முயலாது கிடத்தலும் ஒரு வினையே. திருக்கொடிமாடச் செங்குன்றூரிற் குளிர்நோய் அடியாரைப் பற்றியபோது, ஆளுடைய பிள்ளையார் வினையென்று சொல்லி வாளா இருந்தாரல்லர். வினையென்றறிந்தும் உய்தி தேடாதிருத்தல் குறையென்று தெருட்டித் திருநீலகண்டப் பதிகம் அருளினார். இதனைப் பன்முறை பாடஞ்சொல்லிய யானே கட்டிலருகில் மறந்தேன்.

'முயன்றும் முற்றப் பயன் பெறாதார் யாது செய்வர்?' எனின், நம்பியாரூரர் வரலாறு காண்க. திருவொற்றியூரிற் சூளுறவு பிழைத்துக் கண்ணிழந்த அவர்க்குத் திருவெண்பாக்கத்திற் கிடைத்தது கண்ணன்று, ஊன்றுகோல். காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. திருத்துருத்தியில் மெய்ந்நோய் தீர்ந்தது. திருவாரூரை அடைந்தபின்னரே வலக்கண் பெற்றார். வெண்பாக்கத்தில் அவர் வருந்தி முறையிட்டார்; முறையிடுதல் அன்பிற்கு இழுக்கன்று. ஆயினும், கேட்டது கண், கிடைத்தது கோல் என்று அக்கோலை எறிந்துவிட்டு ஆண்டே அமர்ந்தாரல்லர், கோலூன்றி நடந்தார். நடந்தமையாற் காஞ்சி வந்தது. நீள்நோயாளர்க்கு ஈண்டு ஒரு பாடம் உளது. சிறிய துணை மறுப்பின் அறிகுறியன்று. அடுத்த ஊருக்குரிய வழிச்செலவு. சென்ற திங்கள் எட்டடி நடந்தவர் இத்திங்கள் பத்தடி நடப்பின், அவ்விரண்டடியை எண்ணிக் குறித்துவைத்தல்வேண்டும். நோயின் முன்னிருந்த நிலையோடு ஒப்புநோக்கின் நாடோறும் தோல்வியே தோன்றும். நேற்றோடு ஒப்புநோக்கிற் செல்லும் வழி தெரியும்.

இனித் துணை நிற்பார் இயல்பு கூறுதும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. ஆதலின் நோயாளியைச் சூழ்ந்திருப்போர் முகமும் சொல்லும் அவர்க்கு மருந்தாதலும் உண்டு, நஞ்சாதலும் உண்டு. இறைவன் உயிரோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நின்று உதவுகின்றான். உவமை ஒருபுடையதேனும், துணைவர்க்கு இதனின் மேலான நெறி காணேன். பிறர் துன்பத்தைத் தம் துன்பமாகக் கொள்ளுதலின் ஒன்றாய் நிற்க. அவர் தாமே செய்யவல்லதைத் தாம் பறித்துச் செய்யாமையின் வேறாய் நிற்க. அவர் செய்யுங்கால் அருகிருந்து தாங்குதலின் உடனாய் நிற்க. பொத்தானிடக் கால்நாழிகை செல்லினும் பொறுத்திருத்தல் அன்பு. பொறாது தாமே இட்டுவிடுதல் அன்புபோலத் தோன்றும் விரைவு.

துணை நிற்பார்க்கும் துணை வேண்டும். அவ்வம்மையார் பல திங்களாக ஓரிரவும் முழுதுறங்கவில்லை என்பதைக் கேட்டறிந்தார் எவருமிலர், யானும் கேட்டிலேன். நம் மடங்களும் சபைகளும் இத்துறையிற் செய்யக்கூடியன பல. நோயாளியின் இல்லத்திற்குக் கிழமைக்கொருமுறை ஓரன்பரை ஒருபொழுது அனுப்பலாம். தரையில் அமரமாட்டாதார்க்கு அவையில் நாற்காலி இடலாம். படியருகே கைப்பிடி நாட்டலாம். பெரும்பொருள் வேண்டுவனவல்ல இவை. அடியாரை வழிபடல் சிவனை வழிபடலே என்று பேசும் நாம், நடக்கமாட்டாத அடியாரை அவையின் புறத்தே நிறுத்துதல் தகாது.

அன்றே யான் நண்பரருகிலமர்ந்து, 'முன்னர்க் கூறியது என் பிழை. நூலின் கருத்து அஃதன்று' என்று மேற்கண்டவற்றை எடுத்துரைத்தேன். அவர் மறுமொழி கூறமாட்டாது என்னையே நோக்கியிருந்தார். யான் அவர்க்கு உவப்பான ஒரு பதிகத்தைப் பண்ணோடு தொடங்கினேன். நீர் என்னும் ஒரு சொல்லையும் கூறமாட்டாத அவர் இரண்டாமடியிற் குரல் கூட்டினார். பாட்டின் சொற்கள் உருக்குலையாது வெளிப்பட்டன. இஃது அற்புதமன்று. பேசமாட்டாதார் சிலர் பாடவல்லராதலை மருத்துவர் நெடுங்காலமாக அறிவர். அதனைப் பற்றிச் சொற்பயிற்சி முறையும் வகுத்துளர். மறுநாளும் அவர் நீர் வேண்டியபோது கைகாட்டியே கேட்டார். ஆயினும் அன்றுமுதற் பாட்டின்வழிச் சொல்லும், பூசையின்வழிக் கையும் பயிலப்பட்டன. தட்டத்தினின்று ஒரு மலரை எடுத்து இலிங்கத்தின்மேல் இடுதலே அவர் கைக்குப் பயிற்சி. மருத்துவர் கொடுத்த பந்தை அழுத்துதற்குச் சலித்த விரல் மலரெடுத்தற்குச் சலிக்கவில்லை.

ஆண்டு இரண்டாயின. அவர் கை தாளம் இடும் நிலையை இன்னும் எய்தவில்லை; எய்துமோ என்பது யாம் அறியத்தக்கதன்று. மருந்தை விடாது உண்கின்றார். குருதியழுத்தத்தை அளந்து குறிக்கின்றார். கோலூன்றிக் கோயில் வாயில்வரை நடக்கின்றார். காலையில் 21 மலர் இடுகின்றார். அவற்றுட் சில கைநழுவிக் கீழே விழும். விழுந்த மலரை அம்மையார் எடுத்து இடுவதில்லை. வேறொரு மலரை அவர் எடுக்குந்துணையும் காத்திருக்கின்றார்.

திருச்சிற்றம்பலம்.