பதினோராவது பதிவு

கல்லூரி முதலாண்டு ஆங்கில வகுப்பு. பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாய். கேட்ட கேள்விக்கு விடை உனக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் நீ எழவில்லை. யாராவது சிரித்துவிட்டால்?

ஒரு கணக்குப் போடு. 60 பேர், 50 நிமிடம். ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் உன் பங்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அதில் யாருக்கு மொழி வரும்? குறை உன்னிடம் இல்லை, இந்தக் கணக்கில் இருக்கிறது. அதைப் புரட்டிப்போடும் கருவி உன் சட்டைப்பையிலேயே கிடக்கிறது!

என் மாணவி ஒருத்தி. ஊர்ச் சந்தையைப் பற்றி இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லியிருந்தேன். விடுதி மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றாளாம். 'வெஜிடபிள்' வரும்போதெல்லாம் நாக்குத் தடுக்கியது. கேட்டாள், அழித்தாள், மறுபடி பேசினாள். பத்துப் பதிவுகள் அப்படியே போயின. பதினோராவது குழுவுக்கு வந்தது. பின்னணியில் காகம் கரைகிறது. அவள் குரலில் நடுக்கம் இல்லை. எந்த வகுப்பறை அவளுக்குப் பதினோரு வாய்ப்புத் தந்திருக்கும்? அன்றிரவே நான்கு பேர் குரலிலேயே கேட்டார்கள்: மீன் கிடைக்குமா, பேரம் பேசலாமா? ஒரு பதிவைக்கூட அழிக்காமல் பதில் சொன்னாள்.

நார்வேயில் பிறந்து 2013-இல் வெளிவந்த கஹூட் என்ற வினாடி வினாச் செயலியும் இப்படித்தான் கூச்சத்தை உடைக்கிறது. கேள்வி திரையில், உன் போனில் வண்ணக் கட்டங்கள். புனைபெயர் வைத்துக்கொள்ளலாம். எந்த விடையை யார் தொட்டார்கள் என்று திரை காட்டாது, எத்தனை பேர் என்ற எண்ணிக்கைதான் விழும். தப்பாகத் தொடு, பயப்படாதே! ஆனால் புனைபெயருக்குள்ளேயே பதுங்கிவிடாதே. நான்கு கேள்விக்குச் சரியாகத் தொட்டுவிட்டாயா? ஐந்தாவதற்கு எழுந்து நின்று, ஏன் அந்த விடை என்று உன் வாயால் சொல்.

ஆசிரியர்களே, போனை உள்ளே வை என்று அதட்டுவது சுலபம். பத்து நிமிடம் வெளியே எடுக்கச் சொல்லிப் பாருங்கள். வருகைப் பதிவேட்டில் மட்டுமே நீங்கள் பார்த்த பெயர்களுக்குக் குரல் இருப்பது அப்போது தெரியும்.

தம்பி, தங்கச்சி, நாளைக்கு என்று தள்ளாதே. ரீல்ஸை மூடு. மைக்கை அழுத்து. இலக்கணம் தப்பட்டும், மூச்சு வாங்கட்டும், பத்தை அழி. உங்கள் ஊர்ச் சந்தை எந்தக் கிழமை? என்ன விற்கும்? சொல், கேட்கிறேன்.